கை வீங்கினால் விரலைப் பாருங்கள்

நம் நெசவு ஊரான முள்ளிப்பட்டில் பிள்ளைகள் விழும் இடங்கள் ஏறக்குறைய தெரிந்தவைதாம். தறிக்குழி, திண்ணை, கைப்பிடி வைக்காத மாடிப்படி, வாசலில் நிறுத்திய பைக், மாமரம். பள்ளிவிட்டு வந்த பிள்ளை பையை வீசிவிட்டு ஓடும் நேரத்தில் அம்மா தறியில் இருப்பாள். கால் மிதிகட்டையில், கண் சரிகையில். திடீரென்று ஒரு அலறல். அவள் குழியிலிருந்து எழுந்து வருவதற்குள் பிள்ளை வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். அடிபட்ட கையைத் தானாகவே மற்றக் கையால் தாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு எலும்பில் ஏதோ ஆகியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பத்து நிமிடத்தில் வீட்டில் நடப்பதும் தெரிந்ததுதான். ஆயா எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். "பெசகியிருக்கும், நீவி விட்டா சரியாப் போயிடும்" என்பார். பக்கத்து வீட்டில், "புத்தூர் கட்டு போட்டுடுங்க" என்பார்கள். அப்பா வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பார். அந்தப் பத்து நிமிடத்துக்கும், அதன் பின்னால் வரும் ஆறு வாரத்துக்குமான அத்தியாயம் இது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் எலும்பு கூடுவதற்குப் பெரும்பாலும் நாம் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, அது கூடிவிடும். நான் பார்த்த மோசமான கைகள் எலும்பு கூடாமல் கெட்டவை அல்ல. இறுகிய கட்டுக்குள் ரத்தம் ஓடாமல் கெட்டவை. அதனால் முறிந்த இடத்தை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். பெற்றோரின் கண் விரல் நுனியில் இருக்கட்டும்.

பச்சை மூங்கில்

காய்ந்த குச்சியை வளைத்தால் படக்கென்று இரண்டாகும். பச்சை மூங்கிலை வளைத்தால் வெளிப்பக்கம் நார்நாராகப் பிளக்கும், உள்பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னப் பிள்ளையின் முன்கை எலும்பு பல நேரம் இப்படித்தான் முறிகிறது. எலும்பைப் போர்த்தியிருக்கும் உறை பிள்ளைகளுக்குத் தடிமன் அதிகம். துண்டுகளை விலகவிடாமல் பிடித்து வைப்பது அதுதான். புது எலும்பைச் சுரந்து கொடுப்பதும் அதுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்கை முறிவு நான்கு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும். காறை எலும்பு மூன்று, நான்கு வாரம்.

இதைவிட எளிய முறிவும் உண்டு. கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு இரண்டாகாமல், அழுத்திய தகர டப்பாவைப் போல ஓரத்தில் புடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "லேசா கிராக்கு, பயப்படாதீங்க" என்று மருத்துவர் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். இதற்கு முழு மாவுக்கட்டு தேவையா என்று பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில், 4 முதல் 15 வயது வரையுள்ள 965 பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு வெறும் துணிப் பேண்டேஜ், மறுபாதிக்கு விறைப்பான தாங்கல். மூன்றாம் நாள் வலியில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. ஆறு வாரம் வரை கவனித்தும் கை புழக்கத்தில் வித்தியாசம் இல்லை. 2022-இல் லான்செட் இதழில் வெளியான முடிவு இது. ஆகவே மருத்துவர் சின்னத் தாங்கலோ பேண்டேஜோ போட்டு அனுப்பினால், "கட்டே போடல, சரியாப் பாக்கல" என்று வேறு இடம் தேடி ஓடாதீர்கள். அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார்.

எக்ஸ்ரேயில் எலும்பு கொஞ்சம் வளைந்து தெரிந்தாலும் மனம் உடைய வேண்டாம். மணிக்கட்டுப் பக்கத்தில் 10, 15 டிகிரி வளைவு என்றால், வளரும் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டில் தானே நிமிர்ந்துவிடும். விரல் எலும்பு முறுக்கிக்கொண்டு கூடினால் மட்டும் நிமிராது. பிள்ளை விரல்களை மடக்கும்போது ஒரு விரல் பக்கத்து விரல்மேல் ஏறினால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

கறுப்புக் கயிறும் டிசைன் அட்டையும்

வீக்கம் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை, கையில் இருப்பதைக் கழற்றுவது. வளையல், காப்பு, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு, கோயில் கயிறு எல்லாவற்றையும். வீங்கிய கையில் அந்த மெல்லிய கயிறு ரத்தத்தையே நிறுத்திவிடும். கயிற்றை அறுக்க ஆயாவுக்கு மனம் வராது. அவிழ்த்துச் சாமி மாடத்தில் வைப்போம், கை குணமானதும் நீங்களே கட்டுங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்.

பிறகு கை அசையாமல் ஒரு தாங்கல். மரத்துண்டு தேடி அலைய வேண்டாம். பழைய ஜக்கார்டு டிசைன் அட்டைகள் பல வீட்டுப் பரணில் அடுக்கியபடி கிடக்கின்றன. துளை போட்ட அந்தக் கெட்டி அட்டைகளில் மூன்று, நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பிள்ளையின் முன்கைக்கு ஏற்ற அகலமும் விறைப்பும் கிடைத்துவிடும். பழைய பருத்திப் புடவைத் துணியை மெத்தென்று சுற்றி, கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அடியில் கொடுங்கள். நிமிர்த்தப் பார்க்காதீர்கள். முறிந்த இடத்துக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு, அகலமான துணிப்பட்டையால். நூலோ நைலான் கயிறோ கூடாது. கட்டுக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். ஒரு துண்டைக் கழுத்திலிருந்து தொட்டில்போலத் தொங்கவிட்டு, கையை அதில் கிடத்துங்கள். டிசைன் அட்டை இல்லாத வீட்டில் நாலாக மடித்த செய்தித்தாள் போதும்.

ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கால் மணி நேரம். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம்: எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று எழுதிய சிரப் என்றால் 20 கிலோ பிள்ளைக்கு 5 மில்லி. ஆறு மணி நேர இடைவெளி வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். இதில் பாதி வீரியமுள்ள சிரப்பும் கடையில் உண்டு, பாட்டில் லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது.

எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். இதை ஆயாவின் மனம் நோகாமல் சொல்ல வேண்டும், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். நீவினால் ஒட்டிக்கொண்டிருக்கும் உறை கிழிந்து, விலகாத எலும்பு விலகும். முழங்கையை நீவுவது இன்னும் கெடுதல். சதைக்குள்ளேயே எலும்பு முளைத்து, கை மடங்காமல் போன பிள்ளைகள் உண்டு.

அடிபடாமலேயே கை தொங்குவதும் உண்டு. தறிக்குழியில் இறங்கிவிட்ட இரண்டு வயதுக் குழந்தையை ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்குவோம். அதற்குப் பிறகு குழந்தை அந்தக் கையைத் தூக்காது, வீக்கமும் இருக்காது. முழங்கையில் எலும்பு மூட்டிலிருந்து லேசாக நழுவியிருக்கும். மருத்துவர் கையைத் திருப்பி மடக்கினால் நொடியில் சரியாகிவிடும். வீட்டில் செய்து பார்க்காதீர்கள். குழந்தையைக் குழியிலிருந்து தூக்கும்போது எப்போதும் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். நடை பழகும் குழந்தை சும்மா தடுக்கி விழுந்து, அதன் பிறகு காலை ஊன்ற மறுத்தால் முழங்காலுக்குக் கீழே மெல்லிய விரிசல் இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போய், பத்து, பதினான்கு நாள் கழித்து எடுக்கும் படத்தில் தெரிவது வழக்கம். இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தைக்கு எலும்பு முறிந்தால் மருத்துவர் நிறையக் கேள்வி கேட்பார், கேட்கத்தான் வேண்டும். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

எங்கே போவது

லேசான வீக்கம், வளைவு இல்லை, விரல் சூடாக இருக்கிறது, அசைகிறது என்றால் ஆரணி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சில நிலைமைகளில் காத்திருக்கக் கூடாது: எலும்பு வெளியே தெரிகிறது, அல்லது முறிந்த இடத்தில் புண், கை பார்த்த மாத்திரத்தில் கோணலாக இருக்கிறது, விரல் வெளுத்து ஜில்லென்று இருக்கிறது, முழங்கைக்கு மேலே வீங்கியிருக்கிறது. கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் படியிலிருந்தும் மரத்திலிருந்தும் விழும்போது முழங்கைக்கு மேல் எலும்பு உடைவது அதிகம். கைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்த இடத்தை ஒட்டியே இறங்குகிறது. பிள்ளைகளின் கை முறிவுகளில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். 108-ஐ அழையுங்கள். கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வருகிறது; இன்னொரு பக்கம் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் வழியில் பிஸ்கட், டீ, ஜூஸ் எதுவும் வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை வருகிறது, கேட்டு வாங்குங்கள்.

புத்தூர் கட்டு பற்றிப் பேசாமல் நம் ஊரில் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது. ஆந்திரத்தில் புத்தூரை அடுத்த ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து போட்டுவரும் கட்டு அது. பச்சிலைப் பத்து, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் தப்பை. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளிலிருந்தும் போய் வந்திருக்கிறார்கள். குணமான கைகளும் இருக்கின்றன. மூங்கில் தப்பை வைத்துக் கை அசையாமல் கட்டுவது மட்டமான யோசனை அல்ல. டச்சுப் படை மருத்துவர் மதைசன் 1852-இல் மாவுக்கட்டுத் துணியைச் சொல்லிக் கொடுக்கும்வரை பல இடங்களில் தப்பைக் கட்டுதான் வழக்கம். மேலும், நான் முன்பே சொன்னதுபோல, பிள்ளைகளின் எளிய முறிவு எந்தக் கட்டிலும் கூடும். அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் எல்லா முறிவுக்கும் இதே கட்டு போதும் என்று நம்பிவிடுகிறோம். 'புத்தூர் கட்டு' என்று பலகை மாட்டிய எல்லா இடங்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. எக்ஸ்ரே எடுக்காமல் தொட்டுப் பார்த்துக் கட்டினால் அது எலும்பின் வளர்ச்சி நடக்கும் முனையில் விழுந்த முறிவா, முழங்கை முறிவா என்று தெரியாது. அடிபட்ட முதல் இரண்டு நாளில் கை வீங்கிக்கொண்டே போகும். வீங்கும் கையைச் சுற்றித் தப்பையை இறுக்கினால் வீக்கத்துக்குப் போக்கிடம் இல்லை.

ஏழு வயதுப் பையன் ஒருவன். திண்ணையிலிருந்து விழுந்து முழங்கை வீங்கியது. வீட்டில் நீவினார்கள். பிறகு எங்கோ ஓரிடத்தில் இறுக்கக் கட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டு இரவும் அழுதிருக்கிறான். "விரல் குத்துதுன்னான், அப்புறம் மரத்துப் போச்சுன்னான். கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டோம்மா" என்றார் அவன் அம்மா. மூன்றாம் நாள் அழுகை நின்றது. வலி குறைந்துவிட்டது என்று நிம்மதியாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறார். கட்டைப் பிரித்தபோது விரல்கள் உள்நோக்கி மடங்கி, மெழுகு நிறத்தில் இருந்தன. அவன் எலும்பு அழகாகக் கூடியது. அந்தக் கையால் அவனுக்கு இன்றுவரை சட்டைப் பொத்தான் போட முடியாது. அவன் அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு இரவு

மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டும் இறுகலாம். அதனால் எந்தக் கட்டானாலும் முதல் 48 மணி நேரம் இதைச் செய்யுங்கள். பிள்ளையின் நகத்தை உங்கள் கட்டைவிரலால் அழுத்துங்கள். நகம் வெளுக்கும். விட்டதும் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். நல்ல கையிலும் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். விரல் சூடாக இருக்கிறதா என்று உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். விரல்களை விரித்து மடக்கச் சொல்லுங்கள். கடைசியாக, ஒவ்வொரு விரலையும் நீங்களே மெதுவாக நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போது முன்கை முழுக்க உயிர் போகிறமாதிரி அலறினால், அது சதைக்குள் அழுத்தம் ஏறுவதன் அடையாளம். விரல் வெளுக்கும் முன்பே வருவது இந்த வலிதான்.

இரவு 10 மணி, 1 மணி, 4 மணி. செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வராது. நகத்தை அழுத்திப் பார்க்க எழுப்ப வேண்டியதில்லை. மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், பிள்ளை இருப்புக்கொள்ளாமல் தவித்தால், விரல் மரத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். சதை சாக ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். ஒரு பக்கம் மட்டும் மாவு வைத்துச் சுற்றிய பாதி மாவுக்கட்டு என்றால் சுற்றியிருக்கும் பேண்டேஜையும் பஞ்சையும் தோல் தெரியும்வரை நீங்களே அவிழ்த்துவிடலாம். எலும்பு விலகினால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். முழுக் கட்டு என்றால் கையை நெஞ்சு மட்டத்தில் வைத்தபடி உடனே மருத்துவமனை. இந்த நிலையில் மட்டும் கையை உயரத் தூக்கக் கூடாது. வரும் கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடும்.

இந்த அடையாளங்கள் இல்லாத சாதாரண வீக்கத்துக்கு நேர்மாறு: இரண்டு தலையணைமேல் கையை நெஞ்சுக்கு மேலே வைத்திருந்தால் வேகமாக வடியும்.

கட்டோடு ஆறு வாரம்

மாவுக்கட்டு உள்வரை காய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை திண்ணை விளிம்பில், கட்டில் சட்டத்தில் ஊன்றவிடாதீர்கள், குழி விழுந்து தோலை அழுத்தும். ஃபைபர் கட்டு அரை மணியில் இறுகிவிடும், ஆனால் அதன் உள்பஞ்சும் நனையக் கூடாது. குளிக்கும்போது பட்டுச்சேலை மடித்துப் போடும் நீளமான பிளாஸ்டிக் கவர் நன்றாக உதவும். மேலே துணியால் கட்டி, கையை வெளியே நீட்டச் சொல்லுங்கள். சாயத் தொட்டிப் பக்கம் போகவிடாதீர்கள்.

நம் ஊர் வெயிலில் கட்டுக்குள் அரிக்கத்தான் செய்யும். கைக்கு எட்டுவது நூல் சுற்றும் தார்க்குச்சி. அதை உள்ளே விட்டுச் சொறிவார்கள். தோல் கிழிந்து உள்ளேயே சீழ் வைக்கும். ஃபேன் காற்றைக் கட்டின் வாய்ப்பக்கம் படும்படி வையுங்கள், கட்டின்மேல் விரலால் தட்டிக்கொடுங்கள். கெட்ட வாடை, கசிவு, காய்ச்சல் இருந்தால் நாள் பார்க்காமல் காட்டுங்கள்.

ஒரு வாரத்தில் மறு எக்ஸ்ரேக்கு வரச் சொல்வார்கள். சேலை அறுத்துக் கொடுக்க வேண்டிய நாளாக இருக்கும். ஒரு நாள் தறி நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போய்விடுங்கள். வீக்கம் வடிந்ததும் கட்டு தளர்ந்து, எலும்பு நகர்வது அந்த முதல் இரண்டு வாரத்தில்தான். ஏழாம் நாள் பார்த்தால் லேசாகச் சரிசெய்துவிடலாம். மூன்றாம் வாரம் பார்த்தால் அது அந்தக் கோணத்திலேயே ஒட்டியிருக்கும்.

சாப்பாட்டில் தனி வைத்தியம் தேவையில்லை. கேழ்வரகுக் கூழ் அல்லது அடை, முருங்கைக் கீரை, பால் அல்லது தயிர், முட்டை, எள்ளுருண்டை, வேர்க்கடலை. கருவாடு சாப்பிடும் வீட்டில் நெத்திலி. பிரண்டைத் துவையல் பிடித்தால் கொடுங்கள், நல்ல உணவு. கட்டுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். காலையில் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் விளையாடட்டும். எழுதும் கை என்றால் ஆசிரியரிடம் சொல்லி வாய்மொழியாகப் பாடம் ஒப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்காதீர்கள். விரல்களை மட்டும் மணிக்கொருமுறை மடக்கி நீட்டச் சொல்லுங்கள்.

கட்டைப் பிரித்த பிறகு

பிரித்ததும் கை இளைத்து, தோல் உரிந்து, முடி அடர்ந்து இருக்கும். அம்மாக்கள் அழுதுவிடுவார்கள். சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவலாம். தடவத்தான், நீவ அல்ல. காறை எலும்பில் கட்டிபோலப் புடைப்புத் தெரியும். அது புது எலும்பு, மாதக்கணக்கில் கரையும்.

மடங்காத மூட்டைப் பிடித்து அழுத்தி மடக்காதீர்கள், முக்கியமாக முழங்கையை. எடை தூக்குவதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் பயிற்சி: சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத் துணி பிழிவது, வாளித் தண்ணீரில் கையை விட்டு அளைவது. தானாக எவ்வளவு மடக்குகிறதோ அவ்வளவு போதும், வாரா வாரம் கூடும். கபடி, மரம் ஏறுவது, சைக்கிள் எல்லாம் இன்னும் மூன்று முதல் ஆறு வாரம் கழித்து. புது எலும்பு அதற்குள் மறுபடி முறிவது உண்டு, அதுவும் பெரும்பாலும் அதே இடத்தில்.

எலும்பின் முனையில் வளர்ச்சி நடக்கும் மென்மையான தட்டு இருக்கிறது. முறிவு அதைத் தொட்டிருந்தால் கை ஒரு பக்கம் நின்று மறுபக்கம் வளரலாம். அது பல மாதம் கழித்தே கண்ணுக்குத் தெரியும். கட்டைப் பிரிக்கும் அன்றே, "வளரும் முனையில பட்டிருக்குதா டாக்டர்?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ஆறு மாதத்தில் ஒருமுறை, ஓராண்டில் ஒருமுறை காட்ட வேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறித்து, பழைய எக்ஸ்ரே படங்களை உறையோடு பீரோவில் வையுங்கள். அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.